உள்ளேன், அம்மா

எனக்கு மூக்கு நீளம். முகத்தில் அல்ல, வேலையில். அடுத்த வீட்டில் பால் திரிந்தால் அந்த வீட்டுக்காரருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். கைப்பையில் எப்போதும் ஒரு துண்டு சோப்பு வைத்திருப்பேன். அதனால் வீட்டில் எனக்கு 'சோப்பு' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவள் அக்கா மகள். பதிலுக்கு நான் அவளுக்கு வைத்த பெயர் 'வாலு'. இரண்டு பெயரும் பொருத்தமானவைதான்.

அந்த ஆண்டு நாங்கள் இருவரும் ஒரே நாளில் பல்கலைக்கழகத்துக்குள் காலெடுத்து வைத்தோம். அவள் முதலாண்டு மாணவி. நான் முதலாண்டுக்காரர்களுக்கு மொழிப்பாடம் எடுக்க வந்த தற்காலிக விரிவுரையாளர். வாலு அங்கே சேர்ந்ததற்குக் காரணம் படிப்பு அல்ல, கட்டடம். நடுவில் மணிக்கூண்டு, இரு பக்கமும் நீண்ட தாழ்வாரங்கள், சிவப்புக் கல். சேர்க்கைக் கையேட்டின் அட்டையில் அதன் படம், பட்டச் சான்றிதழில் அதன் படம், வளாகத்துக் குப்பைத் தொட்டியில்கூட அதன் படம். கலை, அறிவியல், வணிகம் என எந்த இளங்கலைப் படிப்பில் சேர்ந்தாலும் முதலாண்டு வகுப்புகள் அங்கேதான் நடக்கும். வாலு கையேட்டை ஒரு வாரம் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள். வரலாறா, புள்ளியியலா என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, அவள் அட்டையைத் தடவிக்கொண்டு, எதுவாக இருந்தாலும் சரி, இதற்குள்ளே இருந்தால் போதும் என்றாள். கடைசியில் தாவரவியல் கிடைத்தது.

பஸ் ஏற்றும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்னை நம்பித்தான் அனுப்பறேன். இப்ப போற மாதிரியே முழுசா திருப்பிக் கூட்டிட்டு வந்து விடு."

முழுசாக என்றால் என்ன என்று அன்று நான் யோசிக்கவில்லை.

முதல் நாள் வாசலில் வாலு படியைத் தொட்டுப் பார்த்தாள். அண்ணாந்து மணிக்கூண்டைப் பார்த்தாள். பத்துப் படம் எடுத்துத் தோழிகளுக்கு அனுப்பினாள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். உள்ளே நுழைந்ததும் முகத்தில் அடித்தது எலுமிச்சை வாசனை. காற்றில் தெளிக்கும் மருந்தை யாரோ ஒரு டப்பா முழுக்கக் காலி செய்திருந்தார்கள். எலுமிச்சைக்கு அடியில் வேறு ஒன்று இருந்தது. இனிப்பாக, கனமாக, நாக்கில் படிகிற மாதிரி. விடுமுறையில் மூடி வைத்து மறந்துபோன சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் வருமே, அது.

தாழ்வாரத்தில் போகிற வருகிற ஒருவர் முகத்திலும் சுருக்கம் இல்லை. பழகிவிட்டார்கள். மனிதருக்கு எதுவும் பழகிவிடும் என்பதை நினைத்தால் எனக்கு அந்த நாற்றத்தைவிட அதிகமாகக் குமட்டுகிறது.

துறைத்தலைவரின் அறைக்குப் போனேன். அவர் மேசைச் சாவியால் காதைக் குடைந்து, சாவி நுனியை மோந்து பார்த்து, துடைக்காமல் அதே சாவியால் எனக்கு நாற்காலியைக் காட்டினார். நாற்றத்தைப் பற்றிக் கேட்டேன். பழைய கட்டடம், எலி கிலி செத்திருக்கும் என்றார். பிறகு வேலையைச் சொன்னார். வகுப்பில் பிள்ளைகள் நூற்றுக்கு மேல். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பாதி நேரம் போய்விடும், எண்ணைச் சொன்னால் போதும். மொழிப்பாட வகுப்பு என்பதால் யாரும் 'பிரசன்ட்' என்று சொல்லக் கூடாது, 'உள்ளேன் அம்மா' என்றுதான் சொல்ல வேண்டும். அது அவர் கொண்டுவந்த ஒழுங்கு. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

"பேரெல்லாம் நமக்கு எதுக்கும்மா? நம்பர் இருக்கா, பதில் வந்துச்சா, அவ்வளவுதான்," என்று மறுபடி காதைக் குடைந்தார்.

வகுப்பு நடந்தது மணிக்கூண்டுக்கு நேர் கீழே இருந்த பெரிய கூடத்தில். பெஞ்சுகள் படிப்படியாக மேலே ஏறிப் போகும். கடைசி பெஞ்சுக்குப் பின்னால் சுவர். சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய புகைப்படம் மாட்டியிருந்தார்கள். என்ன படம்? அதே கட்டடம்தான். கட்டடத்துக்குள் உட்கார்ந்து கட்டடத்தைப் பார்க்கிற கூத்தை அங்கேதான் கண்டேன். வாலு நேராகப் போய் அந்தப் படத்துக்கு அடியில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவளுடைய எண் முப்பத்தேழு.

முதல் சில வாரங்கள் ஒழுங்காகப் போயின. முப்பத்தேழு என்பேன். சித்தி என்று கூப்பிட வந்த நாக்கை அடக்கிக்கொண்டு, கண்ணில் குறும்போடு "உள்ளேன் அம்மா" என்பாள். எனக்கும் சிரிப்பு வரும்.

பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நாங்கள் இருவரும் தங்கியிருந்த அறையில் படுக்க வைத்து, கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு நான் மட்டும் வகுப்புக்குப் போனேன். எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தேன். பழக்க தோஷத்தில் அவளுடையதையும் சொல்லிவிட்டேன்.

"உள்ளேன் அம்மா."

கடைசி வரிசைப் பக்கமிருந்து வந்தது. வாயில் சோற்றை அடக்கிக்கொண்டு பேசுகிற குரல். ஈரமாக, கொழகொழவென்று.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் வீட்டுப் பெண்ணுக்கே, என் கண் முன்னாலேயே ப்ராக்ஸி கொடுக்கிறார்களே, என்ன நெஞ்சழுத்தம். யார் சொன்னது என்று கேட்டேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி சட்டென்று கைக்குட்டையால் மூக்கை மூடினாள். அதே நொடியில் எனக்கும் வந்தது. குரலோடு சேர்ந்து ஒரு மூச்சு நாற்றம் கூடம் முழுக்க இறங்கியது.

வாலு குணமாகித் திரும்பி வந்தாள். இந்த முறை நான் எண்களைச் சொல்லிக்கொண்டே வாய்களைப் பார்த்தேன். முப்பத்தேழு என்று சொல்லிவிட்டு அவள் வாயையே பார்த்தேன். உதடுகள் ஒட்டியிருந்தன. குரல் வந்தது.

அவளுடைய தலைக்குப் பின்னாலிருந்து வந்தது.

மாலையில் அறைக்கு வந்ததும் விசாரித்தேன். அவள் ஜடையின் நுனியைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். எதையாவது மறைக்கும்போது சின்ன வயதிலிருந்து அப்படித்தான்.

"நான் சொல்றதுக்கு முன்னாடி அதுவே சொல்லிடுது சித்தி. காய்ச்சல் வந்ததுக்கு அப்புறம் எனக்கு முந்தி சொல்லிடுது. நான் சும்மா இருந்தா போதும்."

"அதுன்னா எது?"

"தெரியல. பாவம் சித்தி அது. நான் சாஞ்சு உக்காந்தா அந்தப் பக்கமும் சாஞ்சுக்குது. முதுகுல தெரியும்."

அவள் ஜடை என் பக்கம் திரும்பியிருந்தது. நாற்றம் அதிலிருந்து வந்தது. பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று ஏதோ முடியில் அப்பியிருந்தது. அவளைக் குளியலறைக்கு இழுத்துக்கொண்டு போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினேன். சோப்பு நுரைக்கவில்லை. விரல்களுக்கு நடுவே எண்ணெய் மாதிரி வழுக்கியது, ஆனால் எண்ணெய் இல்லை. வாலுவுக்கு முடி தோளுக்குக் கீழே போகாது. என் விரலில் சிக்கிய ஒரு முடியை இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. முழங்கைவரை சுற்றிய பிறகும் வந்தது. கடைசியில் நுனியோடு கட்டைவிரல் நகம் அளவுக்கு வெளுத்த தோல் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது.

குளியலறை மூலையிலேயே வாந்தி எடுத்தேன். அவள் எடுக்கவில்லை. அசையாமல் உட்கார்ந்து, ஏதோ பழகின பொருளைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தாள். அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. தட்டில் ஈ உட்கார்ந்தாலே தட்டை நகர்த்தி வைக்கிற பெண் அவள்.

அதற்குப் பிறகு அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பேச்சுக் குறைந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க நேரமாகும். இடம் மாற்றி முன்னால் உட்கார வைத்தேன். அடுத்த நாளே பின்னால் போய்விட்டாள். கல்லூரியே வேண்டாம், ஊருக்குப் போகலாம் என்றால் அழுதாள். இந்தக் கட்டடத்துக்காகத்தானே வந்தேன் என்றாள். அக்கா போனில் கேட்கும்போதெல்லாம் நன்றாக இருக்கிறாள் என்றே சொன்னேன். வேறு என்ன சொல்வது?

கடைசி வரிசைவரை ஏறிப் போய்க் கூடத்துச் சுவரைக் கிட்டத்தில் பார்த்தேன். புகைப்படத்துக்குப் பின்னாலிருந்து பழுப்புக் கசிவு இறங்கியிருந்தது. படத்துக்குள்ளும் ஊறி, அந்த அழகான மணிக்கூண்டு நடுவிலிருந்து கீழ்வரை கறைபட்டுக் கிடந்தது. ஈக்கள் கறையை விட்டு நகரவில்லை. தொட்டேன். சுவர் சில்லென்று இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது.

கைப்பையிலிருந்த சோப்புத் துண்டு அன்றோடு தீர்ந்தது.

துறைத்தலைவரிடம் போய்ச் சுவரை உடைத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் பதறிப்போனார். நாற்றத்துக்காக அல்ல. அந்த வாரம் வெளியிலிருந்து ஆய்வுக் குழு வருகிறதாம். இளங்கலைப் படிப்புகளுக்கு எல்லாம் தரம் போட்டுவிட்டுப் போவார்களாம். குழு முதலில் உட்காரப்போவதே அந்தக் கூடத்தில்தானாம். மாலையிலேயே ஆள் வந்தான். உடைக்க அல்ல, வெள்ளையடிக்க. கறையின் மேல் இரண்டு பூச்சு. கறைபட்ட படத்தைக் கழற்றிவிட்டு அதே படத்தின் புதுப்பிரதி. ஒவ்வொரு பெஞ்சுக்கு அடியிலும் எலுமிச்சை டப்பா.

எதைச் சொன்னாலும் இவர்கள் மேலே ஒரு பூச்சு பூசிவிடுகிறார்கள். அந்த மனிதரின் முகத்தில் காறி உமிழலாம் போலிருந்தது. உமிழ்வது அசிங்கம் என்று வளர்க்கப்பட்டுவிட்டேன்.

வகுப்பில் ஒருவன் இருந்தான். போன ஆண்டு மொழிப்பாடத்தில் கோட்டைவிட்டு, இந்த ஆண்டு முதலாண்டுப் பிள்ளைகளோடு மறுபடி உட்கார்ந்திருந்தான். வயசுக்கு மீறி வளர்ந்த தாடி, எல்லாருக்கும் அவன் 'தாடி'தான். குழு வருவதற்கு முந்தின நாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு அவன் என் மேசை அருகில் வந்து நின்றான். புதுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேடம், அங்க ஒரு கதவு இருந்துச்சு."

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். படம் மாட்டியிருந்த இடத்தில் முன்பு ஒரு சிறிய மரக்கதவு இருந்ததாம். அதற்குள்ளே மணிக்கூண்டுக்கு ஏறுகிற குறுகலான சந்து, அதில் ஓர் இரும்பு ஏணி. சந்தின் மறுபக்கம் கட்டடத்தின் பின்புறத்துக்குத் திறக்கும். கடைசி பெஞ்சுக்காரர்கள் எண்ணுக்குப் பதில் சொன்ன கையோடு குனிந்து அந்தக் கதவு வழியாக நழுவிவிடுவார்களாம். கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். கூடத்துப் பக்கமிருந்துதான் திறக்க முடியும். திரும்பி வருகிற எண்ணம் யாருக்கும் இல்லாததால் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

அரையாண்டு விடுமுறை விட்ட அன்று, கடைசி வகுப்பில், ஒரு பெண் அப்படி நழுவினாள். அவன் பார்த்தான். நிர்வாகம் இந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்து வெளிவாசலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தது அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அன்று மதியமே ஆட்கள் வந்து உள்கதவின் மேல் பலகை அடித்துப் பூசிவிட்டார்கள். சுத்தியல் சத்தம் விடுதிவரை கேட்டதாம்.

"லீவு முடிஞ்சு வந்தப்ப நீ ஒண்ணும் கேக்கலையா?"

"எதுக்கு மேடம் கேக்கணும்? அவ நம்பர் கூப்பிட்டா பதில் வந்துச்சே." அவன் குரல் கம்மியது. "யாரோ ப்ராக்ஸி குடுக்கறாங்கன்னு நெனச்சேன். நான் குடுக்கல. இப்ப ஒவ்வொருத்தரா கேட்டுப் பாத்தேன். எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. யாருமே குடுக்கல மேடம்."

அவளுடைய எண் என்ன என்று நான் கேட்கவில்லை.

ஓடினேன் துறைத்தலைவரிடம். அந்தப் பெண்ணை அவருக்கு நினைவிருந்தது. அவளுடைய அம்மா பலமுறை வந்து அழுதிருக்கிறாள். இவர் என்ன சொல்லி அனுப்பினார் தெரியுமா? உங்கள் பெண் ஒருநாள் தவறாமல் வகுப்புக்கு வருகிறாள், உங்களைப் பார்க்கத்தான் அவளுக்கு இஷ்டமில்லை, காதல் விவகாரமாக இருக்கும். போலீசும் அதைக் கேட்டுக்கொண்டு போய்விட்டது. ஆண்டு விழாவில் முழு வருகைக்கான பரிசுக்குக்கூட அவளைக் கூப்பிட்டார்களாம். மேடைக்கு யாரும் வரவில்லை. படிப்பை விட்டுவிட்டாள் என்று முடிவுகட்டி அந்த எண்ணை, முப்பத்தேழை, அடுத்த ஆண்டுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"இன்ஸ்பெக்ஷன் முடியட்டும்மா. ரெண்டு நாள்தானே," என்றார். ஏதோ கொறித்துக்கொண்டிருந்தார். சொல்லி முடித்து விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பினார்.

அன்றிரவு வாலுவிடம் நாளைக்கு வகுப்பு வேண்டாம், ஊருக்குக் கிளம்புகிறோம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். தலையாட்டினாள். காலையில் கண் விழித்தபோது அவள் படுக்கை காலியாக இருந்தது. தலையணையில் பழுப்புக் கறை.

நான் தலைகூட வாரவில்லை. கூடத்துக்குள் மூச்சு வாங்க நுழைந்தபோது பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். கடைசி வரிசையில் படத்துக்கு அடியிலிருந்த இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அவளைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். காலையில் முதல் ஆளாக வந்தாள் என்று ஒருத்தி சொன்னாள், அப்புறம் பார்க்கவில்லை என்று இன்னொருத்தி சொன்னாள். போன் அடித்தேன். எடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மின்சாரம் போய், விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன.

அந்தக் கூடத்தில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை.

ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது. அவளைத் தேட எனக்குத் தெரிந்த வழி அப்போது அது ஒன்றுதான்.

"முப்பத்தேழு."

"உள்ளே... அம்மா."

விசிறிச் சத்தம் இல்லாததால் முதல் முறையாகத் தெளிவாகக் கேட்டேன். கடைசியில் 'ன்' இல்லை. எப்போதுமே இருந்ததில்லை. நாங்கள்தான், இத்தனை நாளும், போன ஆண்டின் மறுபாதியிலும், அந்த எழுத்தைச் சேர்த்துச் சேர்த்துக் கேட்டிருக்கிறோம்.

அது வருகையைச் சொல்லவில்லை. இருக்கிற இடத்தைச் சொன்னது.

"யாரு உள்ள?" என்று கேட்டேன். எனக்கே கேட்காத குரல்.

பிறகு மெல்ல, வாயில் எதையோ ஒதுக்கிக்கொண்டு,

"உள்ளே... சித்தி."

வாலுவைத் தவிர என்னை அப்படிக் கூப்பிட உலகத்தில் ஆள் கிடையாது.

நான் பெஞ்சுகளின் மேல் ஏறி ஓடினேன். படத்தைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினேன். கண்ணாடி நொறுங்கியது. ஈரப் பூச்சை நகத்தால் பிறாண்டினேன். வெள்ளை உரிந்து பழுப்பு வந்தது, விரல்களுக்குள் வழிந்தது, வாய்க்குள் தெறித்தது, துப்பக்கூட நேரமில்லை. வாலு, வாலு என்று கத்திக்கொண்டிருந்தேனாம். தாடியும் இன்னும் இரண்டு பையன்களும் ஒரு பெஞ்சைத் தூக்கி வந்து பலகையில் மோதினார்கள். மூன்றாவது மோதலில் பலகை உள்வாங்கியது.

முதலில் வந்தது காற்று. வெதுவெதுப்பான, ஈரமான, மாதக்கணக்கில் அடைபட்ட காற்று. முன் வரிசையில் யாரோ வாந்தி எடுத்தார்கள். பிறகு எல்லாரும் எடுத்தார்கள்.

"சித்தி."

வாசலில் வாலு நின்றுகொண்டிருந்தாள். கையில் போன். ஆய்வுக் குழு வருவதற்கு முன்னால் கட்டடத்தைப் பின்னால் வைத்துக் கடைசியாக ஒரு படம் எடுக்கப் புல்வெளிக்குப் போனாளாம். போகும் முன் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் காலையில் இங்கே வந்தாளாம். யாரிடம் சொல்லிக்கொள்ள வந்தாள் என்று நான் கேட்கவில்லை. அவளை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு, முதுகில் ஒரு அறை வைத்து, மறுபடி கட்டிக்கொண்டேன். முழுசாக இருந்தாள்.

அப்போதுதான் பின்னால் அது விழுந்தது. ஏணியின் பாதி உயரத்தில், சந்து குறுகுகிற இடத்தில், மேலே ஏறித் தப்பிக்கப் பார்த்துச் சிக்கிக்கொண்டிருந்தது. பலகை ஆட்டம் கண்டதும் தளர்ந்து இறங்கியது. நான் பார்த்ததை முழுக்கச் சொல்ல மாட்டேன். முடி நீளமாக இருந்தது. ஒரு கை பலகைப் பக்கமாக மடங்கி இருந்தது. விரல் நுனிகள் இல்லை. பலகையின் உள்புறத்தில் இருந்தன.

துறைத்தலைவர் ஆய்வுக் குழுவோடு வாசலுக்கு வந்து சேர்ந்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் கண் முதலில் போனது கீழே நொறுங்கிக் கிடந்த புகைப்படத்துக்கு. அதைக் குனிந்து நிமிர்த்தி வைத்தார். அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாய் கசக்கிறது.

போலீஸ் விவகாரங்கள் ஓய்ந்த பிறகு அந்தப் பெண்ணின் அம்மா வந்தாள். சந்துக்குள் கழுவி மருந்தடித்திருந்தார்கள். துளை மட்டும் திறந்து கிடந்தது. நானும் வாலுவும் சான்றிதழ்களைத் திரும்ப வாங்கப் போயிருந்தோம். அந்த அம்மா துளைக்கு முன்னால் நின்று, பட்டு, பட்டும்மா என்று கூப்பிட்டாள். வீட்டில் அழைக்கிற பெயராக இருக்கும். பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் வந்தாள்.

"நீங்க கூப்பிட்டா பேசுமாமே. ஒரே ஒரு தடவை கூப்பிடுங்கம்மா. நான் கேக்கணும்."

எண்ணைச் சொன்னேன். கூடம் முழுக்க எதிரொலித்து அடங்கியது. ஒன்றும் இல்லை. இன்னொரு முறை சொன்னேன். விசிறி மட்டும் சுற்றியது.

"இவ்வளவு பெரிய கட்டடத்துல," என்றாள் அந்த அம்மா, "அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட ஒருத்தர்கூடவா இல்லாம போயிட்டாங்க?"

போகும்போது வாசலில் நின்ற வாலுவின் தலையைத் தடவினாள். தடவின கையை முகத்துக்குக் கொண்டுபோனவள் சட்டென்று நின்றாள். வாலுவின் ஜடையை எடுத்து மோந்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"எம் பொண்ணு தலை வாசனை," என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அதே நொடியில் அழுகையும் வந்தது.

வாலுவை ஊரிலேயே, வீட்டுக்குப் பக்கத்தில், மாடிகூட இல்லாத ஒரு சின்னக் கல்லூரியில் சேர்த்தோம். அதே மூன்று வருடம், அதே தாவரவியல். அங்கே பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், கேட்டு உறுதி செய்துகொண்டேன். பத்துத் தடவை தலைக்கு ஊற்றினேன். நாற்றம் போய்விட்டது. அவள் சாப்பிட ஆரம்பித்தாள், கிண்டல் செய்ய ஆரம்பித்தாள். சேர்ந்த அன்று திரும்பி வரும்போது தெரு முழுக்க என்னைச் சோப்பு சோப்பு என்று பாடிக்கொண்டே வந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்காவிடம் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றிவிட்டேன்.

வீட்டு வாசலுக்கு வந்துவிட்டோம். நல்ல வெயில். கேட்டின் கொக்கி இறுக்கம், நான் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வாலு என் பக்கத்தில், என் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே சமையலறையில் அக்கா அடுப்பைப் பார்த்து நின்றபடி குரல் கொடுத்தாள். கேட் சத்தம் கேட்டிருக்கும்.

"வாலு, எங்கடி இருக்க?"

வாலு பதில் சொல்ல வாய் திறந்தாள்.

"உள்ளே, அம்மா."

வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

வாலுவின் வாய் திறந்தபடியே நின்றது. அவள் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அடக்கி என்ன, என் மூக்குக்கு அதற்குள் தெரிந்துவிட்டது.

"எப்படி எனக்குத் தெரியாம வந்தே?" என்று அக்கா சிரித்தாள். "வாயில என்ன, அதுக்குள்ள எதையோ எடுத்துப் போட்டுக்கிட்டியா? சரி, கை கழுவிட்டு வந்து உக்காரு."

தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, நாற்காலி இழுபடுகிற சத்தம்.